பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

ஓசூர்
2-11-2025, ஞாயிறு

சுகுணா,

என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். நேற்று வேலை இடத்தில் சென்னப்பனிடம் கெஞ்சி, அவன் போனிலிருந்து செய்தி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவனையும் தடுத்துவிட்டாய். தபாலைத் தடுக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்காததால் இந்தக் கடிதம். பேரிகைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடிதம் போக மூன்று நாள் ஆகுமாம். வரக் கூடாது என்று நீ சிலேட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனாய். நான் வரவில்லை. ஒரு பேச்சாவது கேட்டேன் என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் போனில் நம் ஆப்பைப் பற்றி மஞ்சள் நிறத்தில் ஓர் அறிவிப்பு வந்திருக்கும். தயவுசெய்து அதில் எதையும் அழுத்தாதே. போன் கம்பெனிக்கு மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். உன்னைப் பற்றி எழுதியதை நீ பார்க்க வேண்டும் என்பதால் கீழே அப்படியே தருகிறேன். அவர்களுக்கு ஆங்கிலத்தில் போட்டேன்.

'ஐயா, என் மனைவி சுகுணா, வயது 34, ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கும் கூடத்தில் மேற்பார்வையாளர். சென்ற ஆண்டு மார்ச்சில் புற்றுநோய்க்காக அவளுடைய குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஒன்பது நாளில், லாரிச் சத்தம் விழாமல் இருக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து, எழுநூற்று நாற்பது வாக்கியங்களை அவள் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்தேன். தமிழ் போக, வேலைக்குத் தேவையான தெலுங்கும் கன்னடமும் உண்டு. அவற்றை வைத்து நானே ஓர் ஆப் செய்தேன். பொத்தானைத் தொட்டால் அவள் குரல் பேசும். அதை உங்கள் ஆப் கடையில் வைக்க மூன்று முறை கேட்டேன். ஒரே ஒருவருக்குப் பயன்படும் ஆப்பை ஏற்பதில்லை என்றீர்கள். பிறகு, பன்னிரண்டு பேர் பதினான்கு நாள் விடாமல் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்றீர்கள். அதையும் செய்தேன். மூன்றாம் முறை காரணமே சொல்லாமல் மறுத்தீர்கள். கடைக்கு வெளியிலிருந்து நான் நேராக ஏற்றிய ஆப்தான் இன்று அவள் போனில் இருக்கிறது. டிசம்பர் 15க்குப் பிறகு, உங்களிடம் பதிவு பெறாதவர் செய்த எதுவும் ஓடாது என்கிறீர்கள். போன் நான் காசு கொடுத்து வாங்கியது. குரல் அவளுடையது. நடுவில் நீங்கள் யார்?'

கடைசி வாக்கியத்தைச் சென்னப்பன் எடுக்கச் சொன்னான். எடுக்கவில்லை.

இன்னொன்று. நீ போன மறுநாளே ஆப்பைச் சோதித்த பன்னிரண்டு பேரையும் எங்கள் கம்பெனி கேண்டீனில் வரிசையாக நிறுத்தி, அவரவர் போனிலிருந்து என் கண் முன்னால் ஆப்பை அழிக்க வைத்தேன். என் கம்ப்யூட்டரிலிருந்த பதிவுகளையும் அழித்தேன். இனி யாரிடமும் உன் குரல் இல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதன் அர்த்தம் இப்போதுதான் உறைக்கிறது. உலகத்திலேயே உன் போன் ஒன்றில்தான் உன் குரல் இருக்கிறது.

அதை நகலெடுக்க ஒரு கேபிளோடு வருகிறேன். பத்து நிமிடம் போதும். பண்ணை வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

முனிவேல்


பேரிகை
8-11-2025

முனிவேல் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பண்ணை கிளார்க் எல்லோர் முன்னாலும் கொடுத்தார். புருஷன் கடுதாசி போடுகிறார் என்று கூடமே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

சென்னப்பனை ஏன் தடுத்தேன் என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு பேர் பட்டியலில் நான்காவது பெயர் அவருடையது.

அன்று சிலேட்டில் நான் எழுதி முடிப்பதற்குள் நீங்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். கடிதத்தில் அப்படிச் செய்ய முடியாது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 26, ஓசூர் பஸ் நிலையம், மாலை ஐந்தரை. எனக்குப் பின்னால் என் குரல் கேட்டது. 'சீக்கிரம் வாங்க, காத்துட்டிருக்கேன்.' ஒன்றரை வருடமாக என் குரல் என் கையிலிருந்துதான் வரும். அதனால் முதலில் என் போனைத்தான் தேடினேன். அது பைக்குள் இருந்தது. திரும்பிப் பார்த்தால் நான்கு பையன்கள், உங்கள் கம்பெனிச் சட்டையில். ஒருவன் மறுபடி அழுத்தினான். 'தூக்கம் வருது, லைட்ட அணைங்க.' நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'செம வாய்ஸ்ரா மச்சான். யாருதுன்னு தெரில, டெஸ்ட் பண்ண குடுத்தாங்க' என்றான் அவன்.

போனை எடுத்தேன். எழுநூற்று நாற்பதில் அவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் அந்தக் குரல்காரி நான்தான் என்று தெரிந்துவிடும். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன். அது நம் பக்கம் போகிற பஸ்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து இதைத்தான் எழுத ஆரம்பித்தேன். நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. 'அது சுபாஷா இருக்கும், வெளையாட்டுப் பையன். இன்னும் ரெண்டு நாள்தான் சுகுணா. பதினாலு நாள் முடிஞ்சிரும், பல்லக் கடிச்சிட்டு இரு.'

கேபிளோடு வர வேண்டாம்.

சுகுணா


ஓசூர்
12-11-2025

சுகுணா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். சுபாஷை அடிக்கப் போய், சூப்பர்வைசர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அவனிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்தது நான்தானே. உட்கார்ந்த பிறகு அது புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று உன்னிடம் சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் அதுவும் ஒரு பொத்தானை அழுத்துகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

திட்டுகிற வாக்கியம் ஒன்றுகூட ஏன் இல்லை என்று நீ முன்பே கேட்டிருக்கிறாய். நான் ஏதோ சமாளித்தேன். உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பட்டியலை பெங்களூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதினேன். உனக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்துத்தான் ஆரம்பித்தேன். பத்து வாக்கியம் தாண்டியதும், எதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது என்று எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது.

இங்கே வீடு சரியில்லை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தால் கதவைத் திறக்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. டிவியைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நின்று சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டில் கன்னடத்தில் சண்டை போட்டால்கூட நன்றாக இருக்கிறது, யாரோ யாரிடமோ பேசுகிறார்கள் என்று.

செவ்வாய்க்கிழமை போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே இருந்த பெண், 'சார், இது கம்பெனி பாலிசி. யாரோ செஞ்ச ஆப்பெல்லாம் போன்ல இருந்தா ரிஸ்க். உங்க பாதுகாப்புக்குத்தான் சார்' என்றாள். யாரோ இல்லை, நான்தான் செய்தேன் என்றேன். 'நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாதில்ல சார்' என்றாள். தப்பு சொல்ல முடியவில்லை.

என்னை வர விட வேண்டாம். ஆனால் இதையாவது செய். நீ தங்கியிருக்கிற வீட்டுச் சரோஜம்மாளின் போனை உன் போன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பதிவு செய். கொஞ்சம் இரைச்சல் விழும், பரவாயில்லை. ஒரு நாளைக்கு முப்பது என்றால் டிசம்பர் 15க்குள் முடிந்துவிடும். அந்தப் பதிவை எனக்குக் கொடுக்க வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

முனிவேல்


பேரிகை
23-11-2025

முனிவேல் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதம். பிப்ரவரியில் காதலர் தினத்துக்குப் போகிற பூவுக்காகச் செடிகளைக் கவாத்து செய்கிறார்கள். அதோடு தினப்படி பூ வெட்டும் ஓடுகிறது. இருபது காம்பு ஒரு கட்டு. கட்டி முடித்துக் குளிர் அறையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் விரல் மரத்துப் போயிருக்கும்.

கூடத்தில் பதினெட்டுப் பெண்கள். நாள் முழுக்கத் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேச்சு ஓடும். எனக்கு எல்லாம் புரியும். நான் ஏதாவது சொல்ல நினைத்து, ஈரக் கையைத் துடைத்து, போனைத் திறந்து, பொத்தானைத் தேடி எடுப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். இப்போதெல்லாம் தேடுவதில்லை. தலையாட்டுகிறேன். நல்ல மேடம், எதற்கும் கோபமே படமாட்டார் என்று என்னைப் பற்றிச் சொல்கிறார்களாம். சரோஜம்மாள் சொன்னார்.

அவரைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும். காம்பு வெட்டுகிறவர், ஆள் இல்லாத தன் வீட்டில் எனக்கு ஓர் அறை கொடுத்திருப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் சிலேட்டும் எங்களுக்குள் உதவாது. இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாட்டை முகம் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

நீங்கள் சொன்னபடி அவர் போனை வைத்துப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் இருந்தார். முப்பத்தொன்றாவது வாக்கியத்தில் அவர் என் கையைப் பிடித்தார். 'ஏம்மா, எல்லாமே அந்தாளக் கூப்பிடற மாதிரியே இருக்குதே. உனக்குன்னு எதாச்சும் இருக்குதா இதுல' என்று கேட்டார். நான் போனை மூடிவிட்டேன். பிறகு திறக்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜூன் மாதத்தில், புது வாக்கியம் சேர்க்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. உங்களிடம் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? 'நீ எதாச்சும் தொட்டு எல்லாம் போயிட்டா என்ன பண்றது. உன் பாதுகாப்புக்குத்தான்.' குளிர் அறையில் பின்னால் வந்து உரசி நிற்கிற லோடு ஆளிடம் சொல்ல 'கையை எடு' என்று ஒன்று வேண்டும், இருக்கிற சொற்களை வெட்டி ஒட்டியாவது கொடுங்கள் என்று கேட்டேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றீர்கள். அந்த வார்த்தை உன் குரலுக்கு நன்றாக இருக்காது என்றும் சொன்னீர்கள்.

சர்வீஸ் சென்டர் பெண் மேல் உங்களுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தீர்கள். நான் ஐந்து மாதம் உட்கார்ந்தேன்.

சுகுணா


ஓசூர்
30-11-2025

சுகுணா,

நீளமாக எழுத வரவில்லை.

பாஸ்வேர்டைத் தனித் துண்டுத் தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். இனி அந்தப் பக்கம் உன்னுடையது. எதை வேண்டுமானாலும் சேர், எதை வேண்டுமானாலும் அழி. என்னைக் கேட்க வேண்டியதில்லை. முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியது.

அந்த லோடு ஆள் யார் என்று கேட்டு எழுத ஆரம்பித்து, கிழித்துப் போட்டேன். ஜூனில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் இல்லை. தினமும் பார்க்கிறேன்.

முனிவேல்


ஓசூர்
11-12-2025

சுகுணா,

வந்துவிட்டது. இன்று காலை ஆறு மணிக்கு மெயில். அனுமதி கொடுத்துவிட்டார்கள். உடல்நலம் சார்ந்த தேவை என்று தனிப்பிரிவில் சேர்த்து, என்னையும் பதிவு செய்துகொண்டார்கள். மெயிலை வைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடை ஆஞ்சப்பனிடம் போய்க் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டீக்குக் காசு வாங்கவில்லை.

இனி உன் குரலை யாரும் நிறுத்த முடியாது. போனில் கடையைத் திற. நம் ஆப் இருக்கும். 'அப்டேட்' என்று வரும். அதை மட்டும் அழுத்து. ஏற்கெனவே உள்ள பதிவுகள் அப்படியே இருக்கும், ஒன்றும் அழியாது, பத்து முறை சோதித்துவிட்டேன். 15ஆம் தேதிக்குள் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நான் கேட்பது வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வா என்றுகூடக் கேட்கவில்லை. அது உன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

ஒரு வாரமாக வரும் அழைப்பெல்லாம் எடுக்கிறேன், கம்பெனியிலிருந்து யாராவது கூப்பிடுவார்களோ என்று. இனி அந்தத் தொல்லையும் இல்லை.

முனிவேல்


பேரிகை
18-12-2025

என்னங்க,

உங்கள் விரைவுத் தபால் 15ஆம் தேதி மதியம் வந்தது. நேரத்துக்குத்தான் வந்தது. ஆனால் என் போனில் அப்டேட் செய்ய எதுவும் இல்லை. 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே அதை நீக்கிவிட்டேன்.

போன் கம்பெனி செய்ததென்று நினைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் கொடுத்த தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நான்தான் செய்தேன்.

உங்கள் துண்டுத் தாள் கிடைத்த அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. கூடத்தில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, பாஸ்வேர்டைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு மைக் படம் இருந்தது. கீழே, 'அழுத்திக்கொண்டு பேசவும்' என்று எழுதியிருந்தது.

அதைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. நான் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கழுத்துத் துளையிலிருந்து வருகிற மூச்சைப் பதிவு செய்து, 'வாக்கியம் 741' என்று சேர்த்துக்கொண்டது.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். என்னை நினைத்துத்தான் எல்லாம் செய்தீர்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பேச முடிந்த சுகுணாவை. அவளுக்காக ஒன்றரை வருடம் கம்பெனியோடு மல்லுக்கு நின்றீர்கள். நான் அதே வீட்டில்தான் சிலேட்டோடு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து, முடிக்க மதியம் ஆகிவிட்டது. நல்ல குரல். எனக்கே ஆசையாக இருந்தது. பிறகு அந்த மஞ்சள் அறிவிப்பைத் தொட்டேன். 'வைத்திருக்கவா, நீக்கவா' என்று கேட்டது. அந்தக் குரல் விஷயத்தில் என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை. நீக்கு என்பதை அழுத்தினேன். அன்று முழுக்க அழுதேன். எனக்கு அழுதாலும் சத்தம் வராது, உங்களுக்குத் தெரியும். சரோஜம்மாள் அடுத்த அறையில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவே இல்லை.

இப்போது கடையிலேயே கிடைக்கிற ஓர் ஆப்பைப் போட்டிருக்கிறேன். எழுதினால் வாசிக்கும். யாரோ ஒரு பெண்ணின் குரல். மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். 'ரோஜா' என்பதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எதை எழுதினாலும் சொல்கிறது. பத்தாம் தேதி குளிர் அறையில், லோடு ஆள் வழக்கம்போல் வந்து நின்றான். முன்னாலேயே எழுதி வைத்திருந்தேன். சத்தத்தை முழுதாக வைத்து அழுத்தினேன். 'கையை எடு. இன்னொரு முறை பக்கத்தில் வந்தால் முதலாளியிடம் போவேன்.' வெளியே கூடத்தில் பதினெட்டுப் பெண்களும் கத்திரிக்கோலை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவன் இப்போது வெளியே நின்றுதான் பெட்டி வாங்குகிறான். இதை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொல்வேன்.

அதனால் 13ஆம் தேதி, நீங்கள் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். சரோஜம்மாள் போனிலிருந்து கூப்பிட்டு, என் போனை அதன் வாயருகே வைத்தேன். 'வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்' என்று ஆரம்பித்தது. 'லோனெல்லாம் ஒண்ணும் வேணாம்மா' என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை வணக்கம் முடிவதற்குள் வைத்துவிட்டீர்கள்.

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. உங்கள் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது போல.

அந்தக் குரலைக் கேட்டால் யாராக இருந்தாலும் வைத்துவிடுவார்கள். நானும் வைத்திருப்பேன். உங்கள் எண்ணின் தடையை நேற்றே எடுத்துவிட்டேன். ஆனால் என் போன் பேசுவதற்கு வேண்டும், அதனால் அழைப்பு சரோஜம்மாள் எண்ணிலிருந்துதான் வரும். கடைசியில் 318 என்று முடியும்.

28ஆம் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். யாரோ ஒரு பெண் பேசுவாள். உங்களுக்குப் பிடிக்காது. அவள் சொல்லி முடிக்கும் வரை வைக்காதீர்கள்.

சுகுணா